மோட்டார் ஓடுது, தண்ணி வரல

காரில் எஞ்சின் பழுது என்றால் நம் ஊரில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கியர்பாக்ஸ் என்றால் கையைக் கட்டிக்கொண்டு எட்ட நிற்பார்கள். ஆனால் முன்கண்ணாடியில் தண்ணீர் அடிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். இஸ்திரிக்காரர், வாட்ச்மேன், கீழ்வீட்டுக்கு விருந்தாட வந்தவர் வரை எல்லாரிடமும் ஒரு யோசனை தயாராக இருக்கும். அது தண்ணீர் விவகாரம் ஆயிற்றே! சென்னைக்காரனுக்குத் தண்ணீர் வருவதைப் பற்றி அதிகம் தெரியாது. வராததைப் பற்றி எல்லாம் தெரியும்.

ஸம்ப், மோட்டார், மேல்தொட்டி, ஃபுட் வால்வு, ஏர் லாக் என்று பிறந்ததிலிருந்து புழங்கிவரும் ஜனம் நாம். அந்த ஏற்பாட்டையே சுருக்கி பானெட்டுக்குள் வைத்திருப்பதுதான் கார் வாஷர். கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதன் அடியில் ரப்பர் வளையத்தில் செருகிய ஒரு குட்டி 12 வோல்ட் மோட்டார். அங்கிருந்து புறப்படும் மெல்லிய குழாய், வழியில் ஒரு டீ-ஜாயிண்டில் இரண்டாகப் பிரியும். ஏறின தண்ணீர் இறங்கிவிடாமல் இருக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கடைசியில் பானெட்டின் மேல் இரண்டு நாசில். ஸ்டீயரிங் பக்கத்து லிவரை இழுத்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் கண்ணாடியில் அடிக்கும், வைப்பர் தானாக எழுந்து துடைக்கும்.

எங்கள் பழைய ஹேட்ச்பேக்கில் லிவரை இழுத்தால் வைப்பர் மட்டும் எழுந்தது. ஈரமில்லாத கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று தேய்த்துவிட்டுக் கடமை முடிந்ததென்று படுத்துக்கொண்டது. புங்கமரத்தடியில் நிற்கும் கார் அது. மரத்தின் பிசுக்கு, காக்கையின் காணிக்கை, எதிர் மனையில் எழும்பும் கட்டடத்தின் சிமெண்ட் தூசி ஆகிய மூன்றையும் கலந்து கண்ணாடி முழுக்கச் சமமாகப் பூசும் வேலையை வைப்பர் செம்மையாகச் செய்தது.

எனக்கு இந்த வைப்பரின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. உலகத்தின் பாராட்டு முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டுவிட்டது. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி பனிக்காலத்தில் நியூயார்க் போயிருந்தார். டிராம் ஓட்டுநர் வழி தெரியாமல் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு நடுங்கியபடி ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியால் ஆட்டும் துடைப்பான் ஒன்றை வரைந்து 1903-இல் காப்புரிமை வாங்கினார். விற்கப் போனபோது கனடா கம்பெனி ஒன்று, இதில் பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை என்று கடிதம் எழுதிக் கையை விரித்தது. விட்டுவிட்டு ஆடும் வைப்பரைச் செய்த ராபர்ட் கேர்ன்ஸ் கதை இன்னும் உருக்கமானது. கல்யாண இரவில் ஷாம்பெயின் பாட்டிலின் கார்க் தெறித்து மனிதருக்கு ஒரு கண்ணில் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. கண்ணிமை ஓயாமல் துடைக்காமல் அவ்வப்போது மட்டும் துடைக்கிறதே, வைப்பர் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்ததாம். தன் யோசனையை எடுத்துக்கொண்டார்கள் என்று ஃபோர்டு மேல் வழக்குப் போட்டு, 1990-இல் தீர்ப்பு வாங்கி, ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றார். 2008-இல் அவர் கதை ஹாலிவுட் படமாகவும் வந்தது. வைப்பருக்குக் கதாநாயகி, கதாநாயகன், கோர்ட் சீன் எல்லாம் ஆயிற்று. தண்ணீர் அடிக்கிறவனுக்கு ஒரு துணைப் பாத்திரம்கூட யாரும் தரவில்லை.

அவன் அருமை தெரிய வேண்டுமானால் முதல் மழை பெய்த அன்று, இருட்டுகிற நேரத்தில், விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வர வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படித்தான் வந்துகொண்டிருந்தோம். அச்சிறுபாக்கம் தாண்டியதும் ஈசல். முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு திரை. வைப்பரைப் போட்டதும் ஈசல் மாவாகி, மாவு பசையாகி, எதிரில் தெரிவது லாரியின் விளக்கா முருகன் கோயில் கோபுர விளக்கா என்று சொல்ல முடியாத நிலை வந்தது. லிவரை இழுத்தேன். எங்கிருந்தோ உர்ரென்று மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னங்க, நீங்க மெதுவா ஓரமாப் போங்க, நான் கையை நீட்டி ஊத்தறேன்” என்று என் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஊற்றினாள். காற்று அதை அப்படியே வாங்கி, பின் சீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த என் மாமியாரின் பட்டுப்புடவையில் சேர்த்தது. தண்ணீர் வரவில்லை என்று அன்று யாரும் சொல்ல முடியாது. வந்தது, விலாசம்தான் மாறிவிட்டது.

மதுராந்தகம் அருகே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீக்கடைக்காரர் கண்ணாடியை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். எங்களுக்காக அல்ல. “எவ்வளவு ஈசல் வீணாப் போச்சு பாருங்க! அரிசியோட போட்டு வறுத்தா ஒரு வாரத்துக்கு வரும்” என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் மடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்தார். புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்தால் மழைநீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடும் என்பது நெடுஞ்சாலை வித்தை. அதைச் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “புகையிலை மழைக்குத்தான் சார். பூச்சிக்கு சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சாத்தான் போவும்” என்று சொல்லி, டீக்கடை சோப்பையும் பழைய தினசரியையும் கொண்டு கண்ணாடியை வழித்து எடுத்தார். பளிச்சென்று ஆனது. இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் விஷயம் தெரிந்த முதல் ஆலோசனை அது. அடுத்தது கிடைக்க வெகுகாலம் ஆனது.

மறுநாள் காலை மாமியார் மூலம் செய்தி அபார்ட்மெண்ட் முழுக்கப் பரவியிருந்தது. மூன்றாம் மாடி அங்கிள் இறங்கி வந்தார். அவர் எங்கள் சங்கத்தின் செயலாளர். எந்த வயதுக்காரருக்கும் அவர் அங்கிள்தான். எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வியையே அவரும் கேட்டார்: “தண்ணி ஊத்தினீங்களா?”

இந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் கிடையாது. ஊற்றினேன் என்றால் நம்ப மாட்டார்கள். காட்டுகிறேன் என்றால் காட்டவும் முடியாது. தொட்டி பம்பருக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது நீல மூடி போட்ட கழுத்து மட்டும். அங்கிள் அந்தக் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “என்ன தண்ணி ஊத்தினீங்க?” என்று விசாரணையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.

போர் தண்ணீர் என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். அதில் அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஏரியா போர் தண்ணீரில் பக்கெட் வெள்ளை பூத்துப்போகும், ஷவர் அடைத்துக்கொள்ளும். ஊசித் துளை நாசில் மட்டும் தப்புமா? ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்துக் காருக்கு ஊற்றும் சிக்கனசாலிகளும் எங்கள் வளாகத்தில் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம். இதையெல்லாம் விளக்கிய அங்கிள், “உப்பு வெட்டணும்னா ஷாம்புதான்” என்று முடித்து, தன் சட்டைப் பையிலிருந்தே ஒரு ரூபாய் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கழுத்துக்குள் பிழிந்தார். உப்புக்கும் ஷாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஷாம்புவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி விற்கலாம் என்று வழிகாட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அது கார் தொட்டி வரை எட்டும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள் அப்போது அங்கே வந்தாள். ஷாம்பு வேண்டாம், கண்ணாடி கழுவ என்றே விற்கும் திரவத்தைக் கலந்து ஊற்ற வேண்டும், வெறும் தண்ணீர் தேங்கினால் பாசியும் கிருமியும் வளரும் என்றாள். லீஜியோனெல்லா என்று ஒரு பாக்டீரியா நுரையீரலைத் தாக்கும். இங்கிலாந்தில் 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு கண்டது. திரவம் கலந்திருந்தால் ஐந்தில் ஒருவருக்கு நோயே வந்திருக்காது என்று கணக்கிட்டது. இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

“அது குளிர் நாட்டுக் கிருமிம்மா. நம்ம வெயிலுக்குத் தாங்காது.”

“வெதுவெதுப்பா இருந்தாத்தான் அங்கிள் அது நல்லா வளரும்.”

அங்கிள் என்னைப் பார்த்தார். பெண்ணை இப்படியா வளர்ப்பது என்று அந்தப் பார்வை கேட்டது. “நம்ம தண்ணிதான் வெளியிலயே வரலையே, கிருமி மட்டும் எப்படி வரும்?” என்று நான் சமாதானம் செய்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வந்தான். கைபேசியில் வீடியோ பார்த்தே வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் தேர்ச்சி பெற்றவன். “மாமா, ஃபர்ஸ்ட் ஃபியூஸ் பாக்கணும். எல்லா வீடியோவிலயும் அதான் ஃபர்ஸ்ட்” என்றான். மோட்டார் சத்தம் கேட்கிறதே, கரண்ட் வராமலா சத்தம் வரும் என்று கேட்டேன். வரிசையை மாற்றக்கூடாது என்றான். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அதற்கென்றே வைத்திருக்கும் குட்டி பிளாஸ்டிக் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று மனப்பாடமாகச் சொன்னான். எல்லாம் நன்றாக இருந்தன. திரும்பச் செருகிய பிறகும் நன்றாகவே இருந்தன. காரின் கடிகாரம் மட்டும் பன்னிரண்டு மணியிலிருந்து புது வாழ்க்கை தொடங்கியது. ரேடியோவில் சேமித்திருந்த ஸ்டேஷன்களும் மறைந்தன.

அடுத்து குண்டூசியால் நாசிலைக் குத்தினான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அங்கிள் மாடியிலிருந்தே, “நான் சொன்னேன்ல, உப்பு!” என்றார். ஒரு பக்கம் பாலிஷ் மெழுகும் வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க லிவரை இழுத்தேன். உர்ர். அவ்வளவுதான். வாட்ச்மேன் காரடியில் ஈரத்தைக் காட்டி, “ஏசி தண்ணி வேற ஒழுவுது” என்றான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏசி தண்ணீர் ஒழுகுவது ஊரறிந்த சங்கதி.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கையில் டேப்லெட் வைத்திருந்த இளைஞர் பானெட்டைத் திறக்காமலேயே நோயைக் கண்டுபிடித்தார். “பம்ப் அசெம்பிளி போயிடுச்சு சார்.”

“சத்தம் வருதே தம்பி?”

“அது கடைசிச் சத்தம் சார்.”

தொட்டி உள்ளே இருப்பதால் பம்பரைக் கழற்ற வேண்டும், அதற்கு லேபர் தனி, பம்ப் ஸ்டாக் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் கொடுத்தார். அதைப் படித்தபோது, மாமியாரின் புடவையை நனைத்துக்கொண்டே வாழ்நாள் முழுக்க ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வரும் வழியில், பழைய வண்டிகளாகப் பார்க்கும் பாயின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். பாய் ஒரு டீசல் எஞ்சினுக்குள் முக்கால்வாசி இறங்கியிருந்தார். அங்கிருந்தபடியே கேட்டுக்கொண்டார். “சத்தம் வந்தா கரண்ட் வேலை முடிஞ்சது சார். ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார் எதையும் தொடாதீங்க. அதுக்கு மேல தண்ணி எங்கே நிக்குதுன்னு பாக்கணும். நாசில்ல டியூபைக் கழட்டுங்க. தண்ணி வந்தா நாசில் அடைப்பு, வரலைன்னா டியூப். அது மெக்கானிக் வேலை இல்ல, பிளம்பர் வேலை.” சொல்லிவிட்டு வெளியே தலையை நீட்டினார். பழைய ஞாபகம் வந்துவிட்டது. “இதுக்கு மோட்டாரே தேவையில்லை சார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் தெரியுமா? அதுல ஸ்டெப்னி டயர்லேர்ந்து தண்ணித் தொட்டிக்கு ஒரு டியூப் போகும். ஸ்டெப்னி காத்துதான் தண்ணியத் தள்ளும்.”

பாய் கதை விடுகிறார் என்று நினைத்தேன். உண்மைதான். 1960-களின் பீட்டிலில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். டயர் ஒரேயடியாக இறங்கிவிடாமல், குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனால் அடைத்துக்கொள்ளும் வால்வும் இருந்தது. ஜெர்மானியர்கள் ஸ்டெப்னியில் காற்று பார்க்கும் இனம், அவர்களுக்குச் சரிப்பட்டது. கார் வாங்கிய நாள் முதல் ஸ்டெப்னியைத் திரும்பியே பார்க்காத நம்மிடம் அதைக் கொடுத்திருந்தால், பஞ்சரான அன்றுதான் கண்ணாடியும் ஏன் அழுக்கு என்று புரிந்திருக்கும்.

பிளம்பர் வேலை என்று பாய் சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் அந்த வாரமே எங்கள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பிளம்பர் அண்ணன் வந்திருந்தார். மோட்டாரை முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனவரை அங்கிள் மடக்கினார். “இதையும் கொஞ்சம் பாருப்பா. மோட்டார் ஓடுது, தண்ணி வரல.” எந்த மோட்டார் என்று அண்ணன் கேட்கவில்லை. அவருக்கு அந்த வாக்கியமே போதுமானதாக இருந்தது.

“இழுங்க சார்” என்றார். இழுத்தேன். காதைப் பக்கவாட்டில் வைத்துக் கேட்டார். “மோட்டார் ஜம்முனு இருக்கு. வெறும் மோட்டாரா ஓடல, தண்ணியத் தள்ளிக்கிட்டுத்தான் ஓடுது. வெறுமன ஓடினா சத்தம் சன்னமா ஏறும்.” பிறகு குனிந்து காரடியைப் பார்த்தார்.

“ஏசி போட்டீங்களா?”

“வண்டியே ஸ்டார்ட் பண்ணலையே. சாவி மட்டும்தான் போட்டேன்.”

“அப்ப இது எங்கேர்ந்து வருது?” ஈரத்தை விரலால் தொட்டுத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். “நுரைக்குது சார். ஏசி தண்ணி நுரைக்காது. வாசனை வேற வருது.”

அங்கிளின் முகத்தில் உதித்த ஒளியை நான் வர்ணிக்கப்போவதில்லை. “என் ஷாம்பு!” என்றார். அவர் அன்று பிழிந்தது உப்பை வெட்டவில்லை, துப்பு துலக்கிவிட்டது. இன்றுவரை அது தன் திட்டத்தின் ஒரு பகுதி என்றே சொல்லி வருகிறார்.

அண்ணன் பானெட்டைத் தூக்கி, குழாய் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கீல் அருகே டீ-ஜாயிண்ட் இருந்தது. அதற்கு வர வேண்டிய குழாய் இரண்டு அங்குலம் முன்னாலேயே முடிந்துவிட்டது. முனையில் பற்குறி. பக்கத்தில், பேட்டரி ஓரமாக, காய்ந்த மசால்வடைத் துண்டு ஒன்று. எலி சாப்பிட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைந்திருக்கிறது.

உடனே கூட்டம் எலிக்குத் தாவியது. புகையிலையைக் கட்டித் தொங்கவிடணும், நாப்தலின் உருண்டை போடணும், அடியில் வலை அடிக்கணும். யாருடைய வீட்டு மசால்வடை என்ற நுட்பமான கேள்வியை மாமியார் எழுப்பினார். முதல் தளத்தில் ஒருவர் மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றித் துடைத்து, வாயில் வைத்து ஒரு பக்கம் ஊதினார்; காற்று போயிற்று. திருப்பி வைத்து ஊதினார், போகவில்லை. “வால்வு உசுரோட இருக்கு” என்றார். பிறகு என் மகளை அழைத்து, “பாப்பா, மெயின் ரோட்டுக் கலர் மீன் கடையில ஏர் டியூப் ஒரு மீட்டர் வாங்கிட்டு வா” என்றார். மீன் தொட்டிக்குக் குமிழி விடும் குழாயும் காருக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயும் ஏறக்குறைய ஒரே கனம் என்பது எந்த எஸ்டிமேட்டிலும் எழுதாத உண்மை. கடித்த முனையை வெட்டினார். புதுக் குழாயின் முனையை என் மனைவி கொண்டுவந்த சுடுதண்ணீரில் முக்கி, இளகியதும் ஜாயிண்டில் ஏற்றினார். வண்டி ஆடினாலும் கழலாதபடி ஒரு டேக் போட்டு இறுக்கினார்.

“இழுங்க.”

உர்ர். நாசில் இருமியது. காற்று போனது, நுரை வந்தது, அப்புறம் தண்ணீர், இரண்டு தாரையாக. ஒன்று கண்ணாடியில் அடித்தது. மற்றது காரைத் தாண்டிப் போய் வாட்ச்மேன் மேல் விழுந்தது. மைத்துனன் குத்தின குத்தில் நாசிலின் குண்டு திரும்பியிருக்கிறது. அண்ணன் அதே குண்டூசியால் கொஞ்சம் கீழே பார்க்க வைத்தார்.

காசு கேட்டேன். விசிட்டிங் சார்ஜ் சங்கம் கொடுத்துவிட்டது, டியூபுக்கு மட்டும் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், வேறென்ன என்று கிளம்பினார். நான் விடவில்லை, சட்டைப் பையில் திணித்தேன். சர்வீஸ் சென்டரிலிருந்து பம்ப் வந்துவிட்டதாக இப்போதும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறார்கள்.

தொல்லை அண்ணனுக்குத்தான். அடுத்த முறை அவர் கீழ்வீட்டுக் குளியலறைக்கு வந்தபோது நான்கைந்து பேர் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் டயரைக் காட்டினார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டாம் மாடிக்காரர், “ஏசி கூலிங்கே இல்லப்பா” என்றார்.

“அது காத்து சார். நம்ம லைன் இல்ல.”

“கூலிங் இல்லாட்டியும் பரவாயில்லை, ஏசி போட்டா முன் சீட்டுல கால்மாட்டுல குளம் கட்டி நிக்குது.”

அண்ணன் பையைக் கீழே வைத்தார். “வெளிய போற லைன் அடைச்சிருக்கும்” என்று பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு காரடியில் படுத்தார்.